டைமிங் பெல்ட் பல் தாண்டின கே9கே டீசல்: ஹெட்டைத் திறக்காம அடி எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க முடியுமா?

டஸ்டர்_ஈரோடு · 4 ஜூன் 2023, காலை

2014 டஸ்டர் 85. 1.5 டீசல், கே9கே எஞ்சின். ஓட்டம் 1,38,000. ஃபேன் பெல்ட் (ஆல்டர்நேட்டரைச் சுத்தற வெளி பெல்ட்) நார் நாராப் பிரிஞ்சு ஓட்டத்துலயே வண்டி நின்னுடுச்சு. செல்ஃப் அடிச்சா சுத்துது, ஆனா வழக்கத்தைவிட லேசா, வேகமாச் சுத்துது. பிடிக்கல. ஸ்கேனர்ல பி0016, அதாவது பிஸ்டன் சுத்தற கிராங்க் தண்டும் வால்வைத் திறக்கற கேம் தண்டும் ஒத்துப் போகலங்கற கோடு. ஒரு பட்டறையில "ஹெட் போச்சு, இறக்கிடலாம்"ங்கறாங்க. இன்னொரு பட்டறையில "புது பெல்ட் போட்டு அடிச்சுப் பார்ப்போம், பிடிச்சா லாபம்"ங்கறாங்க. யார் சொல்றதைக் கேக்கறது?

பத்தாம்நம்பர் · 4 ஜூன் 2023

ரெண்டு பேர் சொல்றதையும் இப்போ கேக்க வேணாம். முதல்ல பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க. இனி ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்கக் கூடாது. கேமையும் கிராங்க்கையும் இணைக்கற டைமிங் பெல்ட் பல் தாண்டின எஞ்சின்ல ஒவ்வொரு செல்ஃபும் வால்வு மேல பிஸ்டன் விடற இன்னொரு குத்து.

லேசாச் சுத்துதுன்னா கம்ப்ரஷன் நிக்கலன்னு அர்த்தம். வால்வு வளைஞ்சதாலயும் இருக்கலாம், கேம் பின்தங்கி, காத்தை உள்ள விடற இன்டேக் வால்வு லேட்டா மூடறதாலயும் இருக்கலாம். ரெண்டாவது காரணம் மட்டும்னா ஹெட்டைத் தொடவே வேணாம். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்காம முடிவு எடுக்காதீங்க.

ஃபேன் பெல்ட் பிரிஞ்சதுன்னு சொன்னீங்களே, காரணம் அங்கயே இருக்கு. கே9கேல இது பழகின வியாதி. பிரிஞ்ச நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால சுத்திக்கிட்டு டைமிங் கவருக்குள்ள நுழையும். கிராங்க் பல்சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல மாட்டினா பெல்ட் எழும்பிப் பல் தாண்டிடும். பெல்ட் அறுந்திருக்காது, பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். மேல் கவரை மட்டும் திறந்து பார்த்துட்டு "டைமிங் பெல்ட் நல்லா இருக்கு சார்"னு மூடினவங்க நிறைய பேர்.

ஏர்லாக் · 4 ஜூன் 2023

"பிடிச்சா லாபம்"ங்கறது லாட்டரிக் கடையில சொல்ற வார்த்தை.

பத்தாம்நம்பர் · 4 ஜூன் 2023, இரவு

முறையா எழுதறேன். வலது பக்க முன் சக்கரம், உள் மட்கார்டைக் கழட்டுங்க. சம்ப்புக்கு (எஞ்சின் எண்ணெய்த் தட்டு) அடியில மரக்கட்டை வச்சு ஜாக்கி கொடுத்து எஞ்சினைத் தாங்கிட்டு, வலது மவுண்ட்டையும் அதோட பிராக்கெட்டையும் எடுங்க. இது எடுக்காம இந்த வண்டியில பெல்ட் வெளிய வராது.

அடுத்து நாலு ஹீட்டர் பிளக்கையும் (குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கற பிளக்) கழட்டணும். அப்பத்தான் கையால சுத்தும்போது கம்ப்ரஷன் எதிர்ப்பு இருக்காது, விரலுக்குத் தெரியற தடங்கல் எல்லாம் வால்வுதான். சூடான எஞ்சின்ல பிளக் சுலபமா வரும், செத்த எஞ்சினை எங்க சூடு பண்றது. முந்தின ராத்திரியே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வைங்க. எம்10 (10 மி.மீ. மரை) பிளக்குக்கு 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு எல்லை. அதுக்கு மேல போனா நுனி ஒடிஞ்சு ஹெட்லயே தங்கிடும், அப்புறம் வால்வு நல்லா இருந்தாலும் ஹெட் இறங்கியே ஆகணும். எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுத்தான் எடுக்கணும்.

இப்போ கிராங்க்கைக் கடிகாரச் சுற்றுல நீளமான ராட்செட் வச்சு மெதுவாச் சுத்துங்க. புல்லியைக் கழட்டிட்டீங்கன்னா அந்த போல்ட்டை ஒரு ஸ்பேசர் வச்சு திரும்ப இறுக்கிட்டுத்தான் சுத்தணும். வெறுமனே சுத்தினா பல்சக்கரம் இடம் மாறும். எங்கயாவது கெட்டியா முட்டி நின்னா அழுத்தாதீங்க, கொஞ்சம் பின்னால விட்டுட்டு நிறுத்துங்க. முட்டலன்னா எஞ்சின் பிளாக்ல இருக்கற மூடியைக் கழட்டி டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வர்ற நிலை) பின்னைப் போடுங்க. ரெனோ கருவி எண் மாட் 1489, மார்க்கெட்ல கே9கே டைமிங் கிட்டுன்னு கேட்டா வரும். கிராங்க் அந்தப் பின் மேல மெதுவா வந்து சாயணும். அந்த நிலையில கிராங்க் சாவிப் பள்ளம் மேல் நோக்கி, மூடித் தகட்டுல இருக்கற ரெண்டு வரிப்புக்கு நடுவுல இருக்கும்.

கேம் பல்சக்கரத்துல ஒரு துளை, ஹெட்ல ஒரு துளை. ரெண்டும் நேராகி மாட் 1430 பின் உள்ள போனா பல் தாண்டவே இல்ல. போகலன்னா எத்தனை பல் விலகியிருக்குன்னு எண்ணுங்க. எந்தப் பக்கம் விலகியிருக்குன்னும் எழுதி வைங்க, அது முக்கியம்.

டஸ்டர்_ஈரோடு · 5 ஜூன் 2023

பக்கம் எதுக்கு முக்கியம்? எப்படியும் தப்புதானே.

ஏர்லாக் · 5 ஜூன் 2023

எந்த வால்வு அடி வாங்கியிருக்கும்னு அது சொல்லிடும். ஓடும்போது பல் தாண்டினா கிராங்க் முன்னால போயிடும், கேம் பின்தங்கும். எக்ஸாஸ்ட் வால்வு மூட வேண்டிய நேரத்துல மூடாம நிக்கும், எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவுல மேல வர்ற பிஸ்டன் அதைத்தான் முதல்ல தட்டும். வண்டி பின்னோக்கி உருண்டு தாண்டியிருந்தா, அதாவது மேட்டுல கியர்ல நிறுத்தி ஹேண்ட்பிரேக் விட்டுப்போனா, கேம் முந்திடும். அப்போ இன்டேக் வால்வு சீக்கிரம் திறந்து அடி வாங்கும். உங்களுக்கு ஓட்டத்துல நின்னதால எக்ஸாஸ்ட்டைத்தான் சந்தேகப்படறேன்.

எத்தனை டிகிரின்னு தெரியணும்னா கிராங்க் பல்சக்கரத்துல பல்லை எண்ணி 360-ஐ அதால வகுங்க. 20 பல்லுன்னா ஒரு பல்லுக்கு 18 டிகிரி. ஒரு பல் தாண்டினா பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும், இழுவை இருக்காது, வெள்ளைப் புகை தள்ளும். ரெண்டுன்னா ஸ்டார்ட் ஆகறதே பாடு. மூணுன்னா டீசல்ல தட்டாம இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஏன்னா பிஸ்டனுக்கும் மூடின வால்வுக்கும் நடுவுல இருக்கற இடம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

டஸ்டர்_ஈரோடு · 8 ஜூன் 2023

பிளக் நாலும் உடையாம வந்துடுச்சு. கேம் மூணு பல் பின்தங்கியிருக்கு. கீழ் கவருக்குள்ள ஃபேன் பெல்ட் நார் ஒரு கைப்பிடி. டிடிசி வரைக்கும் கிராங்க் போகல, கொஞ்சம் முன்னாலயே முட்டுது.

பத்தாம்நம்பர் · 8 ஜூன் 2023

முட்டற இடத்துல இருந்து கிராங்க்கைப் பின்னால விடுங்க. டிடிசியில இருந்து 90 டிகிரி விலகினா நாலு பிஸ்டனும் பாதி வழியில நிக்கும். அங்க கிராங்க்கை வச்சுட்டு பெல்ட்டைக் கழட்டிடுங்க. இப்போ கேமை எப்படிச் சுத்தினாலும் எந்த வால்வும் பிஸ்டனைத் தொடாது. புது பெல்ட் வாங்காமலேயே எல்லாச் சோதனையும் இந்த நிலையில முடிச்சுடலாம்.

வால்வு கவரைத் திறங்க. டாப்பெட்டுகளை (கேமுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவுல இருக்கற கிண்ணம்) ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சுப் பாருங்க. கே9கேல வால்வு எட்டும் பிஸ்டனுக்கு நேர் செங்குத்தா நிக்குது, பிஸ்டன் தலை தட்டை. சாய்வான வால்வு இருக்கற பெட்ரோல் எஞ்சின்ல குத்து பக்கவாட்டுல விழுந்து வால்வு நல்லாவே வளையும். இங்க குத்து தண்டு வழியா நேரா மேல ஏறும். அதனால டாப்பெட் தலை விரிசல், கேம் ஒடியறது, கேம் மூடி தெறிக்கறது எல்லாம் வால்வு வளையறதோட சேர்ந்தே வரும். வால்வை மட்டும் மாத்திட்டு விரிசல் விட்ட டாப்பெட்டை விட்டுட்டா அது கொஞ்ச நாள்ல உடைஞ்சு எண்ணெய்ல கலக்கும்.

அடுத்து ஃபில்லர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கற மெல்லிய தகடுகள். இந்த எஞ்சின்ல ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது, கெட்டி டாப்பெட். இது நமக்குச் சாதகம். குளிர்ந்த எஞ்சின்ல இன்டேக் 0.125-ல இருந்து 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.325-ல இருந்து 0.45. வளைஞ்ச வால்வு முழுசா மூடாது, தண்டு கீழ இறங்கியே நிக்கும். அப்போ கேமுக்கும் டாப்பெட்டுக்கும் இடைவெளி கூடிடும். எட்டையும் அளந்து எழுதுங்க, கூட்டத்துல ஒண்ணு தனியா நின்னா அதுதான் ஆளு.

ஏர்லாக் · 8 ஜூன் 2023

ஃபோர்டு ஃபிகோ, ஃபியஸ்டால வந்த 1.4 டிடிசிஐ டீசல் எஞ்சின் வச்சிருக்கறவங்க இதைப் படிச்சுட்டு ஃபில்லர் கேஜ் எடுக்காதீங்க. அதுல ஹைட்ராலிக். இடைவெளியைத் தானே நிரப்பிக்கும், ஒண்ணும் காட்டாது. அதுல கேம் அசைவை வால்வுக்குக் கொடுக்கற ராக்கர் உடைஞ்சோ கழண்டோ கிடக்கும், கவரைத் திறந்தாலே தெரியும். ராக்கர் பலியாகி வால்வு தப்பிச்ச கேஸ் அந்த எஞ்சின்ல உண்டு.

லேத்துப்பட்டறை · 9 ஜூன் 2023

ஃபில்லர் கேஜ் சரின்னு காட்டினாலும் நம்பிடாதீங்க. சின்ன வளைவு கேஜ்ல தெரியாது. ஹீட்டர் பிளக் துளை வழியா காத்து கொடுத்துப் பாருங்க. 6 பார் காத்து, எங்க கசியுதுன்னு காது வச்சுக் கேளுங்க. இன்டேக் ஹோஸ்ல சீறினா இன்டேக் வால்வு, சைலன்சர்ல சீறினா எக்ஸாஸ்ட், எண்ணெய் ஊத்தற மூடியில வந்தா ரிங். கூலன்ட் டேங்க்ல குமிழி வந்தா கேஸ்கெட் இல்ல ஹெட் விரிசல்.

ஏர்லாக் · 9 ஜூன் 2023

நில்லுங்க. 6 பார் டிடிசியில வச்சுச் செய்யற முறைக்கு. இங்க கிராங்க் 90 டிகிரியில நிக்குது. போர் (சிலிண்டர் விட்டம்) 76 மி.மீ., பரப்பு சுமார் 45 சதுர செ.மீ. 6 பார்ல பிஸ்டன் மேல 2,700 நியூட்டன். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 80.5 மி.மீ., அதுல பாதி கிராங்க் கை நீளம். கிராங்க்ல 100 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கு விழும். ராட்செட் மாட்டியிருந்தா அது சுழன்று வந்து கை மணிக்கட்டை உடைக்கும், பிஸ்டன் கீழ போய் அடுத்த பிஸ்டன் மேல வரும். கேம் அப்போ எப்படி நிக்குதோ அதுக்குத் தகுந்த மாதிரி நல்ல வால்வும் போகும்.

2 பார் போதும். அதுக்கே 36 நியூட்டன் மீட்டர் வருது. அஞ்சாவது கியர் போட்டு, ஒருத்தரைக் கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. கிராங்க்ல எந்த ஸ்பானரும் தொங்கக் கூடாது.

லேத்துப்பட்டறை · 9 ஜூன் 2023

சரிதான், என் மேசையில ஹெட் தனியா வரும், கிராங்க் அதோட வராது. 2 பாரே போடுங்க.

ஒண்ணு சேர்த்துக்கறேன். கசிவு கேட்டதும் வால்வு வளைஞ்சதுன்னு எழுதிடாதீங்க. குத்து வாங்கினப்போ உதிர்ந்த கரி சீட்ல (வால்வு மூடி உட்கார்ற இடம்) மாட்டியிருந்தாலும் சீறும். கேமைச் சுத்தி அந்த வால்வை நாலஞ்சு தடவை திறந்து மூடிட்டு மறுபடி காத்து கொடுங்க. சத்தம் நின்னா கரி. கேமைச் சுத்தறப்போ பல்சக்கரத்தைப் பிடிக்கற கருவி வச்சுப் பிடிங்க. ஸ்பிரிங் தள்ளி கேம் சட்டுனு துள்ளும், விரல் பத்திரம்.

டஸ்டர்_ஈரோடு · 11 ஜூன் 2023

அளந்தாச்சு. இன்டேக் நாலும் 0.20 சுத்தி. எக்ஸாஸ்ட்: முதல் சிலிண்டர் 0.40, ரெண்டாவது 0.70, மூணாவது 0.40, நாலாவது 0.55. காத்து 2 பார்ல ரெண்டாவதும் நாலாவதும் சைலன்சர்ல சீறுது. கேமை ஆட்டிப் பார்த்தும் நிக்கல. முதல் சிலிண்டர் டாப்பெட்ல முடி மாதிரி ஒரு கோடு.

பத்தாம்நம்பர் · 11 ஜூன் 2023

எந்தப் பக்கத்துல இருந்து எண்ணினீங்க?

டஸ்டர்_ஈரோடு · 11 ஜூன் 2023

பெல்ட் பக்கத்துல இருந்துதான். வேற எங்க இருந்து எண்ணுவாங்க.

பத்தாம்நம்பர் · 11 ஜூன் 2023

ரெனோ ஃப்ளைவீல் பக்கத்துல இருந்து எண்ணும். உங்க ரெண்டு அவங்களுக்கு மூணு, உங்க நாலு அவங்களுக்கு ஒண்ணு. இப்பவே எல்லாத்துக்கும் எண்ணை மாத்தி எழுதி, இன்ஜெக்டர் மேலயும் பெயின்ட் மார்க்கர்ல குறிச்சுடுங்க. டெல்ஃபை இன்ஜெக்டர் ஒவ்வொண்ணு தலையிலயும் 16 எழுத்துக் குறியீடு இருக்கும், அது இசியூல (எஞ்சின் கம்ப்யூட்டர்) சிலிண்டர் வாரியா பதிவாகியிருக்கு. மாத்திப் போட்டா எல்லாம் சரி பண்ணின பிறகும் ஐடில் குலுங்கும், நீங்க டைமிங்கைச் சந்தேகப்பட்டு மறுபடி கவரைத் திறப்பீங்க.

ஹெட் இறங்கணும், இப்போ காரணத்தோட இறங்குது. டாப்பெட்ல கோடுன்னா அது விரிசல்தான், அந்த வால்வும் குத்து வாங்கியிருக்கு.

லேத்துப்பட்டறை · 12 ஜூன் 2023

இறக்கினதும் ஒரு வேண்டுகோள். ஊர்ல எந்த லேத்துக்குப் போனாலும் ஹெட்டைப் பார்த்த உடனே "ஒரு ஃபேஸ் எடுத்துடலாம்"னு, அதாவது அடிப்பரப்பைச் சீவிடலாம்னு சொல்வாங்க. விடாதீங்க. கே9கே ஹெட்டுக்கு ஃபேஸிங் கிடையாது. நேர்விளிம்பும் ஃபில்லரும் வச்சு அளந்தா கோணல் 0.05 மி.மீ.க்குள்ள இருக்கணும், மீறினா ஹெட்டை மாத்தணும்னுதான் கம்பெனி சொல்லுது. வால்வு செங்குத்தா நிக்கறதால நீங்க வழிக்கற ஒவ்வொரு பத்தில ஒரு மில்லியும் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற இடத்தை நேரடியாத் தின்னும். ஈடுகட்டத் தடிமனான கேஸ்கெட்டும் கிடையாது.

வால்வைக் கண்ணாடி மேல உருட்டிப் பார்க்கறது கண்துடைப்பு. வி-பிளாக்ல வச்சு சீட் முகத்துல டயல் கேஜ் வைங்க. 0.05-க்கு மேல ஆடினா குப்பை. வால்வை உருவறப்போ கைடுல மாட்டினா சுத்தியல் வேணாம். தண்டு நுனி, லாக் பள்ளம் ரெண்டுலயும் பிசிறு எழும்பியிருக்கும், அதைத் தேய்ச்சு எடுத்துட்டு உருவுங்க. இல்லன்னா பிசிறே கைடைக் கீறிடும்.

பத்தாம்நம்பர் · 12 ஜூன் 2023

பிளாக்கையும் விட்டுடாதீங்க. ஒவ்வொரு பிஸ்டனையும் டிடிசிக்கு ஏத்தி பிளாக் மட்டத்துக்கு மேல எவ்வளவு துருத்துதுன்னு டயல் கேஜ்ல அளக்கணும். கேஜை பிஸ்டனை ராடோட இணைக்கற முளைக்கு (பிஸ்டன் பின்) நேரா, முன் ஓரம் ஒண்ணு, பின் ஓரம் ஒண்ணுன்னு வைங்க. குறுக்கே வச்சா பிஸ்டன் சாய்ஞ்சு பொய் சொல்லும். மத்த மூணைவிட ஒண்ணு மட்டும் பத்தில ஒரு மில்லி இறங்கியிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கு.

ஏர்லாக் · 12 ஜூன் 2023

கம்ப்ரஷன் டெஸ்ட்ல ராடு தெரிஞ்சுடாதான்னு கேக்கறவங்களுக்குக் கணக்கு: ஒரு சிலிண்டர் 365 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் 18-ன்னு வச்சுக்கிட்டா மேல மிச்சம் 21.5 சி.சி. ராடு 0.2 மி.மீ. குட்டையானா 0.9 சி.சி. கூடும். விகிதம் 17.3 ஆகும். கேஜ்ல அது கண்ணுக்கே தெரியாது. ஆனா அந்த ராடு ஒவ்வொரு சுத்துக்கும் போர் சுவரைச் சாய்வா உரசிட்டே இருக்கும்.

டஸ்டர்_ஈரோடு · 17 ஜூன் 2023

ஹெட் இறங்கிடுச்சு. எண்ணைத் திருத்தி எழுதறேன். ஒண்ணு, மூணு எக்ஸாஸ்ட் வால்வு வளைவு, 0.12, 0.18. நாலாவது டாப்பெட் விரிசல், அதோட வால்வு 0.04. ரெண்டாவது வால்வு 0.02. பிஸ்டன் நாலுலயும் பிறை மாதிரி தடம். துருத்தல் நாலும் 0.03-க்குள்ள. ஹெட் கோணல் 0.04. ரெண்டு வால்வு மட்டும் மாத்தினா போதும்தானே?

லேத்துப்பட்டறை · 17 ஜூன் 2023

0.04, 0.02 எல்லைக்குள்ளதான் இருக்கு. லேப்பிங் பண்ணி, அதாவது வால்வையும் சீட்டையும் பசை வச்சுத் தேய்ச்சுப் போடலாம்.

பத்தாம்நம்பர் · 17 ஜூன் 2023

இதுல நான் ஒத்துக்க மாட்டேன். பிஸ்டன் நாலுலயும் தடம் இருக்கு, நாலு எக்ஸாஸ்ட்டும் குத்து வாங்கினது. எக்ஸாஸ்ட் வால்வோட கழுத்து சூட்டுலயே வாழற இடம். அங்க கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா நேராவே நிக்கும், ஒரு நாள் தலை மட்டும் கழண்டு சிலிண்டர்ல விழும். அன்னைக்குப் பிஸ்டன், ஹெட், டர்போ மூணும் சேர்ந்து போகும். ரெண்டு வால்வு காசை மிச்சம் பிடிச்சு எஞ்சினைப் பந்தயம் கட்டாதீங்க. எக்ஸாஸ்ட் நாலு, டாப்பெட் நாலு, வால்வு சீல் எட்டு.

லேத்துப்பட்டறை · 18 ஜூன் 2023

யோசிச்சுப் பார்த்தா பணம் இருந்தா அவர் சொல்றதுதான் நிம்மதி. நான் சொன்னது அளவு என்ன சொல்லுதுங்கறது மட்டும்.

புது வால்வுக்கு சீட் லேப்பிங் பண்ணினதும் இடைவெளி மாறும். சீட்டைத் தேய்ச்சா வால்வு மேல ஏறும், இடைவெளி குறையும். அப்போ மெல்லிசான டாப்பெட் தேவைப்படும். இதுல ஷிம் (இடைவெளி சரி பண்ற தகடு) கிடையாது, டாப்பெட்டே பல தடிமன்ல வரும். கணக்கு: இருக்கற டாப்பெட் தடிமன், கூட்டல் அளந்த இடைவெளி, கழித்தல் வேண்டிய இடைவெளி. முதல்ல பழைய நல்ல டாப்பெட்டை வச்சு அளந்துட்டு, அப்புறம் கடைக்குப் போங்க. முன்கூட்டியே நாலு வாங்கிட்டு வந்தா நாலும் திரும்பக் கடைக்குப் போகும்.

பிஸ்டன் தடம் கரியில மட்டும்னா விட்டுடலாம். அலுமினியம் பிதுங்கி விளிம்பு எழும்பியிருந்தா நுண் உப்புத்தாள்ல விளிம்பை மட்டும் மழுப்புங்க. சூட்டுல அந்தக் கூர் முனைதான் முதல்ல சிவக்கும்.

டஸ்டர்_ஈரோடு · 18 ஜூன் 2023

புதுப்பேட்டையில கழட்டின ஹெட் கிடைக்குதாம். அது லாபமா?

ஏர்லாக் · 18 ஜூன் 2023

லோகன், வெரிட்டோ, சன்னி, டஸ்டர் எல்லாத்துலயும் கே9கேன்னுதான் எழுதியிருக்கும். அதுக்குப் பின்னால இருக்கற மூணு எண் ஒண்ணா இருக்கணும். அதுவும் ஏன் கழட்டினாங்கன்னு யாருக்கும் தெரியாது. உங்க ஹெட் 0.04-ல நல்லா இருக்கு, எதுக்கு வேற ஒருத்தர் வீட்டுப் பிரச்சினை.

பத்தாம்நம்பர் · 20 ஜூன் 2023

மாட்டறதுக்கு. சம்ப்பை இறக்கி டாப்பெட் துணுக்கு இருக்கான்னு பாருங்க. சம்ப் இறங்கின கையோட பிக்-எண்ட் ஷெல்லையும் (ராடு கிராங்க்கைப் பிடிக்கற இடத்து பேரிங்) பார்த்துடுங்க, இந்த எஞ்சினோட பழைய பலவீனம் அது. பிளாக்ல ஹெட் போல்ட் துளைகள்ல எண்ணெயோ தண்ணியோ தேங்கியிருந்தா சிரிஞ்ச்ல உறிஞ்சுங்க. நிறைஞ்ச துளையில போல்ட்டை இறுக்கினா உள்ள அழுத்தம் ஏறி பிளாக்கே விரியும்.

புது ஹெட் போல்ட், நடுவுல இருந்து வெளிய வரிசையா 25 நியூட்டன் மீட்டர், அப்புறம் 255 டிகிரி. கழட்டின ஹை-பிரஷர் குழாயும் இன்ஜெக்டர் தாமிர வாஷரும் புதுசு.

பெல்ட் கிட்டோட வாட்டர் பம்பும் மாத்துங்க, டைமிங் பெல்ட்தான் அதையும் சுத்துது. கேம் முன் சீல், கிராங்க் சீல்ல எண்ணெய் ஈரம் இருந்தா அதுவும். டென்ஷனரை 6 மி.மீ. ஆலன் சாவியில திருப்பி முள்ளைக் குறிக்கு நேரா வைங்க. பின் ரெண்டையும் எடுத்துட்டு கிராங்க்கைக் கையால ரெண்டு முழுச் சுத்து. மறுபடி ரெண்டு பின்னும் தானா உள்ள போகணும், முள்ளும் குறியிலயே நிக்கணும்.

கிராங்க் போல்ட் புதுசு. எம்12-ஆ இருந்தா 60 நியூட்டன் மீட்டரும் 100 டிகிரியும், எம்14-ஆ இருந்தா 120-ம் 95 டிகிரியும். அளந்து பார்த்துட்டு இறுக்குங்க. டிடிசி பின்னை நம்பி இறுக்காதீங்க, பின் வளையும். ஃப்ளைவீலைப் பூட்டிட்டு இறுக்கணும்.

டஸ்டர்_ஈரோடு · 20 ஜூன் 2023

ஹை-பிரஷர் பம்ப் சக்கரம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தா இன்ஜெக்‌ஷன் டைமிங் மாறுமா?

ஏர்லாக் · 20 ஜூன் 2023

மாறாது. காமன் ரெயில்ல எப்போ பீச்சணும்னு கிராங்க், கேம் சென்சார்களைப் பார்த்து இசியூ முடிவு பண்ணும், பம்ப் அழுத்தம் மட்டும் கொடுக்கும். பழைய ரோட்டரி பம்ப் டீசல்னா அந்த ஒரு பல் எஞ்சினை ஒழுங்கா ஓட விடாது. ஆனாலும் குறி போட்டிருக்காங்கன்னா குறிக்கு வைங்க.

பத்தாம்நம்பர் · 20 ஜூன் 2023

எல்லாத்தையும் மூடறதுக்கு முன்னால ஃபேன் பெல்ட் ஏன் பிரிஞ்சதுன்னு கண்டுபிடிங்க. கிராங்க் புல்லியில வெளி வளையத்துக்கும் உள் மையத்துக்கும் நடுவுல ரப்பர் இருக்கும். அது பிரிஞ்சிருந்தா வளையம் ஆடும், பெல்ட் ஓரம் தேயும். டென்ஷனர் பேரிங், ஆல்டர்நேட்டர் புல்லி ரெண்டையும் கையால சுத்திப் பாருங்க. இதை விட்டுட்டா புது வால்வு, புது டைமிங் பெல்ட் எல்லாம் அடுத்த நாருக்குக் காத்திருக்கும்.

டஸ்டர்_ஈரோடு · 2 ஜூலை 2023

கிராங்க் புல்லி ரப்பர்தான், பாதிச் சுத்துக்கு விட்டிருந்தது. கைபல்ப்ல டீசல் ஏத்தி, பல்ப் கெட்டியானதும் செல்ஃப். ரெண்டாவது தடவை பிடிச்சுடுச்சு. பி0016 அழிச்சேன், திரும்ப வரல. மூணாவது சிலிண்டர் பக்கம் லேசா 'டிக் டிக்'.

லேத்துப்பட்டறை · 2 ஜூலை 2023

எண்ணெய் ஏறின பிறகும் இருக்கா? இருந்தா ஆறினதும் அந்த எக்ஸாஸ்ட் இடைவெளியை அளந்து போடுங்க.

டஸ்டர்_ஈரோடு · 3 ஜூலை 2023

0.475.

லேத்துப்பட்டறை · 3 ஜூலை 2023

0.05 தடிமன் கூடின டாப்பெட். கேமைக் கழட்டறதுக்கு முன்னால பின் ரெண்டையும் போட்டுடுங்க.